கூட்டுவதற்கு முன் இனம் பிரியுங்கள்

திண்டுக்கல்லில் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியில்தான் போய்க்கொண்டிருப்பீர்கள். ஒன்று, குரூப் 4, ரயில்வே என்று தேர்வு எழுதுவது. மற்றது, வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை, ஒட்டன்சத்திரம் கமிஷன் கடை, நாகல் நகர் ஜவுளிக் கடை, ஊருக்குள் ஹார்டுவேர் கடை என்று பில்லிங், ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ரெஸ்யூமே கொடுப்பது. இரண்டு வழியிலும் உங்களை வடிகட்டுகிற ஒரு திறமை உண்டு. அதை நடுநிலைப் பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள்: ஒத்த உறுப்புகளைச் சேர்த்து இயற்கணிதக் கோவையைச் சுருக்குவது.

‘இதெல்லாம் எனக்குத் தெரியும்’ என்று தாண்டிப் போகிறவர்கள்தான் இதில் அதிகம் மார்க் விடுகிறார்கள். பக்கத்து சீட்டில் உட்காரப்போகிறவர் தாண்டிப் போகட்டும். நீங்கள் பத்து நிமிடம் கொடுங்கள்.

1. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 வினாடி. ரயில்வே என்.டி.பி.சி. முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விகள், 90 நிமிடம். கணக்குப் போட்டால் அங்கேயும் அதே 54 வினாடிதான். குரூப் 4-ல் திறனறிவுப் பகுதி 25 கேள்விகள், கேள்விக்கு ஒன்றரை மார்க், ஆக 37.5 மார்க். பாடத்திட்டத்தில் அந்தப் பகுதி ‘சுருக்குதல்’ என்றே ஆரம்பிக்கிறது. என்.டி.பி.சி.யில் கணிதத்துக்கு மட்டும் 30 கேள்விகள். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு மார்க்கையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

குரூப் 4-ன் தமிழ்ப் பகுதியில் பலரும் நன்றாகவே எடுக்கிறார்கள். ரேங்க் பிரிவது இந்தக் கணக்குப் பகுதியில்தான். ஒரு கேள்வியை 54 வினாடிக்குப் பதில் 20 வினாடியில் முடித்தால் மிச்சமாகும் 34 வினாடி, பொது அறிவில் நீங்கள் தயங்கி நிற்கும் கேள்விக்குப் போகும்.

2. ஒட்டன்சத்திரத்தில் முருங்கை வாங்கத் தெரிந்தால் போதும்

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் ‘முருங்கைக்காய் என்ன விலை’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘எந்த முருங்கை’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். செடி முருங்கை, மர முருங்கை, கரும்பு முருங்கை என்று மூன்று உண்டு. மூன்றுக்கும் மூன்று விலை. கேரளாவுக்கு லோடு ஏறும் மார்க்கெட் அது. ரகத்தை மாற்றி எழுதினால் அன்றைய கணக்கே புரண்டுவிடும்.

ஒரு கமிஷன் கடையில் நீங்கள் பில்லிங் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். விலை இன்னும் முடிவாகவில்லை. ஒரு கிலோ கரும்பு முருங்கையின் விலை ‘க’, செடி முருங்கையின் விலை ‘செ’, மர முருங்கையின் விலை ‘ம’. ஒரு வியாபாரி எடுத்த சரக்கு சீட்டில் இப்படி இருக்கிறது:

40க + 25செ + 30ம + 15க − 5செ

கடைசியில் இருக்கும் −5செ, பிடிக்கவில்லை என்று அவர் திருப்பிக் கொடுத்த ஐந்து கிலோவின் விலை. இனம் பார்த்துச் சேர்த்தால்:

55க + 20செ + 30ம

இதற்கு மேல் சுருங்காது. இங்கேதான் அவசரக்காரர்கள் 55, 20, 30 எல்லாவற்றையும் கூட்டி 105 என்று எழுதி எதையோ சாதித்த மாதிரி பேனாவை மூடுகிறார்கள். 105 என்பது லாரிக்காரருக்கு வேண்டிய எடை. வியாபாரி தர வேண்டிய பணம் அதில் இல்லை.

ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘க’ என்பது முருங்கைக்காய் அல்ல, ஒரு கிலோ கரும்பு முருங்கையின் விலை. அதாவது ஓர் எண். டியூஷன்களில் ‘ஏ என்றால் ஆப்பிள், பி என்றால் வாழைப்பழம், ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் கூட்ட முடியாது’ என்று சொல்லித் தருவார்கள். அது சீக்கிரம் மனதில் பதியும், பின்னால் காலை வாரிவிடும். 3ஏபி என்று ஒரு உறுப்பு வந்தால் ஆப்பிளை வாழைப்பழத்தால் எப்படிப் பெருக்குவது? எழுத்து எண்ணைக் குறிக்கிறது என்று பழகினவருக்கு அந்தச் சிக்கலே வராது.

சுருக்கினதால் என்ன லாபம்? விலை வந்ததும் ஐந்து பெருக்கலுக்குப் பதில் மூன்று பெருக்கல். பேச்சுக்கு 90, 60, 40 ரூபாய் என்று வையுங்கள்: 4,950 + 1,200 + 1,200 = 7,350 ரூபாய். கடைசி நேரத்தில் கரும்பு முருங்கை விலை ஐந்து ரூபாய் ஏறினால் 55-ஐ 5-ஆல் பெருக்கி 275-ஐச் சேர்த்தால் முடிந்தது. சுருக்காமல் வைத்திருந்தவர் சீட்டை முதலிலிருந்து போட்டுக்கொண்டிருப்பார். விலை வருவதற்கு முன்பே வேலையை முடித்து வைக்கிற ஆளைத்தான் முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்.

நூற்பாலையிலும் இதே கதைதான். 40-ஆம் கவுண்ட் நூலையும் 60-ஆம் கவுண்ட் நூலையும் எடை மேடைக்கு ஒன்றாகக் கூட்டலாம், விற்பனைக் கணக்கில் கூட்டக் கூடாது. எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து எது ஒத்தது என்பதும் மாறும். கேள்வியை இரண்டு முறை படியுங்கள் என்று எல்லா கோச்சிங் சென்டரிலும் சொல்வது இதற்காகத்தான்.

3. எழுத்து மட்டும் போதாது, அடுக்கும் பொருந்த வேண்டும்

விதி ஒரே வரி: மாறியும் அதன் அடுக்கும் அப்படியே ஒன்றாக இருந்தால் ஒத்த உறுப்பு. முன்னால் நிற்கும் கெழு எதுவாகவும் இருக்கலாம். கெழுக்களைத்தான் கூட்டுகிறோம், மாறி அப்படியே நிற்கும்.

எக்ஸும் எக்ஸ்²-ம் ஏன் சேராது என்பதை சைட்டில் சூப்பர்வைசராக இருப்பவர் உடனே சொல்வார். சதுரமான அறை, பக்கம் எக்ஸ் அடி. தரைக்கு டைல்ஸ் எக்ஸ்² சதுர அடி. சுவரோரம் ஒட்டும் ஸ்கர்ட்டிங் நான்கு பக்கமும் சேர்த்து 4எக்ஸ் ரன்னிங் அடி. மூன்று அடி வாசலைக் கழித்தால் 4எக்ஸ் − 3. அதே மாதிரி இரண்டு அறை என்றால் டைல்ஸ் 2எக்ஸ்², ஸ்கர்ட்டிங் 8எக்ஸ் − 6. பக்கம் பத்து அடி என்றால் 200 சதுர அடியும் 74 ரன்னிங் அடியும். கூட்டி 274 என்று எஸ்டிமேட் எழுதினால் கான்ட்ராக்டர் உங்களை மறுநாள் வரச் சொல்ல மாட்டார். சதுர அடிக்கு அதன் ரேட், ரன்னிங் அடிக்கு அதன் ரேட் என்று தனித்தனியே பெருக்குங்கள். இரண்டும் ரூபாயாகிவிட்டால் தாராளமாகக் கூட்டலாம்.

கண்ணை ஏமாற்றுகிற உறுப்புகளும் உண்டு. 4எக்ஸ்ஒய், 3ஒய்எக்ஸ் இரண்டும் ஒத்தவை, சேர்த்தால் 7எக்ஸ்ஒய். பார்க்க வேறு மாதிரி இருப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். √12 + √27 கேட்டால் √39 என்று குறிப்பவர் நிறையப் பேர். √12 என்பது 2√3, √27 என்பது 3√3; இரண்டும் ஒத்த முறுடுகள் (வேர் எண்கள்), விடை 5√3. வேர் எண்களைப் பார்த்ததும் உள்ளே இருக்கும் வர்க்கத்தை வெளியே எடுங்கள், பிறகு இனம் பாருங்கள்.

இந்த விதி நேற்று வந்ததும் இல்லை. 1150-இல் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதம், தெரியாத எண்களை கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறப் பெயர்களால் குறித்து, ஒரே இனத்தைக் கூட்டு, கழி, வேறு இனத்தைத் தனியே எழுதி வை என்று சொல்கிறது. பயிற்சி நோட்டில் நீங்களும் அதையே செய்யலாம். எக்ஸ் உறுப்புகளுக்கு நீல மை, ஒய்-க்குச் சிவப்பு. ஒரு வாரம் செய்தால் கண் தானாகப் பிரிக்கும். தேர்வறையில் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, டிக் என்று அடையாளம் போட்டுக்கொண்டால் போதும்.

4. மைனஸ் எங்கே நிற்கிறது?

உறுப்புக்கு முன்னால் நிற்கும் குறி அந்த உறுப்போடு சேர்ந்தது. இடம் மாற்றும்போது குறியையும் தூக்கிக்கொண்டு போங்கள். உறுப்பைச் சுற்றி வட்டம் போடும்போது குறியும் வட்டத்துக்குள் இருக்கட்டும்.

பெரிய இழப்பு அடைப்புக்குறியில் நடக்கிறது. 7எக்ஸ் − 3(2எக்ஸ் − 5) + 4 என்பதை எடுங்கள். சரியாக விரித்தால் 7எக்ஸ் − 6எக்ஸ் + 15 + 4. விடை எக்ஸ் + 19. அவசரத்தில் −15 என்று எழுதினவருக்கு எக்ஸ் − 11 கிடைக்கும். அந்த எக்ஸ் − 11, நான்கு விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும். வழக்கமாக எல்லோரும் செய்யும் தப்பை வைத்துத்தான் கேள்வி தயாரிப்பவர் மற்ற விடைகளை உருவாக்குகிறார். உங்கள் விடை பட்டியலில் இருக்கிறது என்பது அது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

வேலையில் இதே மைனஸ் ரிட்டர்ன் சரக்காகவும் கொடுத்த அட்வான்ஸாகவும் தள்ளுபடியாகவும் வரும். தள்ளுபடியில் கொடுத்த சரக்கே திரும்பி வந்தால் அந்தத் தள்ளுபடியும் திரும்ப வேண்டும். மைனஸுக்குள் மைனஸ். அதைச் சரியாகப் போடத் தெரிந்தவர் மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது தலையைச் சொறிய மாட்டார்.

5. பத்தைப் போட்டுப் பாருங்கள்

சுருக்கின விடையைச் சரிபார்க்க எக்ஸுக்கு ஒரு எண் போடுங்கள். 0, 1 இரண்டும் வேண்டாம். 1 போட்டால் எக்ஸும் எக்ஸ்²-ம் ஒரே மதிப்பாகிவிடும், தப்பு தெரியாது. 0 போட்டால் எக்ஸ் உறுப்புகள் எல்லாமே மறைந்துவிடும். 10 போடுங்கள். மேலே பார்த்த கணக்கில் 70 − 3 × 15 + 4 = 29. எக்ஸ் + 19-க்கு 29 வருகிறது, சரி. எக்ஸ் − 11-க்கு −1 வருகிறது, அடித்துவிடுங்கள். ஐந்து வினாடி வேலை.

பத்தில் இன்னொரு வசதி. 3எக்ஸ்² + 2எக்ஸ் + 5-இல் 10 போட்டால் 325. கெழுக்கள் அப்படியே இலக்கங்களாக வந்து நிற்கின்றன. நூறு நூறோடு, பத்து பத்தோடு, ஒன்று ஒன்றோடு என்று தொடக்கப் பள்ளியில் கூட்டப் பழகினோமே, அதுவும் ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பதுதான். கேள்வியில் இரண்டு மாறிகள் இருந்தால் ஒன்றுக்கு 10, மற்றதற்கு 3.

6. எக்ஸலில் இதற்குப் பெயர் பிவட் டேபிள்

ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ‘எக்ஸல் தெரியும்’ என்று ரெஸ்யூமேயில் எழுதாதவர் யாரும் இல்லை. அதனால் அந்த வரிக்கு மதிப்பும் இல்லை. ஐந்நூறு வரி விற்பனைப் பட்டியலை அயிட்டம் வாரியாகச் சுருக்கிக் காட்டுகிறவருக்குத்தான் மதிப்பு. சம்இஃப் ஃபார்முலாவும் பிவட் டேபிளும் செய்வது ஒத்த உறுப்புகளைச் சேர்க்கும் வேலையே. ஆனால் கம்ப்யூட்டருக்கு இனம் தெரியாது, எழுத்துதான் தெரியும். ‘மாங்காய்ப் பூட்டு’ என்று ஒரு வரி, கடைசியில் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக அதே பெயர் இன்னொரு வரி என்றால் அது இரண்டு இனமாகப் பிரித்துவிடும். முதலில் ட்ரிம் ஃபங்ஷன் போட்டுப் பெயர்களைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு கூட்டுங்கள். இன்டர்வியூவில் லேப்டாப்பைத் திருப்பி வைத்தால் நீங்கள் செய்யும் முதல் காரியம் இதுவாக இருக்கட்டும். பார்க்கிறவருக்கு அப்போதே தெரிந்துவிடும், நீங்கள் வேலை பார்த்த ஆள் என்று.

டாலி பழகுகிறவர்களுக்கு: ஹார்டுவேர் கடையில் பூட்டின் எச்.எஸ்.என். தலைப்பு 8301, கதவுக் கீலின் தலைப்பு 8302. ஒரே பில்லில் ஒரே வாடிக்கையாளருக்குப் போனாலும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தின் எச்.எஸ்.என். சுருக்கத்தில் இரண்டும் தனித்தனி வரி. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டை விற்கிற கடையில் கணக்கு எழுதப் போகிறவருக்கு இந்த நான்கு இலக்கம் தெரியவில்லை என்றால் இன்டர்வியூ சீக்கிரம் முடிந்துவிடும்.

7. உங்கள் காகிதத்தையும் பார்க்கிறார்கள்

சின்ன நிறுவனங்களில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்துக் கணக்கு போடச் சொல்வது இன்றும் நடக்கிறது. விடையை மட்டும் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். ஓர் இனத்துக்கு ஒரு பத்தி, சமக்குறி ஒன்றன்கீழ் ஒன்று, அடித்தது தெரியும்படி ஒற்றைக் கோடு. மூலைக்கு மூலை எழுதினவரின் விடை சரியாகவே இருந்தாலும் அவர் எழுதும் லெட்ஜரை யார் படிப்பது என்ற யோசனை மேனேஜருக்கு வரும்.

‘இதுக்கு மேல சுருக்க முடியாதா தம்பி?’ என்று ஒரு கேள்வி வரலாம். தெரியாதவர் பதற்றத்தில் எதையாவது கூட்டிவிடுவார். நீங்கள் நிதானமாக, ‘முடியாது சார், இது மூணும் வேற வேற ரேட்’ என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் கூட்டாமல் நிறுத்துகிற ஆளிடம்தான் பணக் கணக்கைக் கொடுப்பார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். தெரிந்த கடையில் பழைய பில் புக் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் பில்களை எடுத்து ஒவ்வோர் அயிட்டத்துக்கும் ஓர் எழுத்து கொடுத்துக் கோவையாக எழுதிச் சுருக்குங்கள், விலையைப் போட்டு அன்றைய டோட்டலோடு சரிபாருங்கள். காலையில் இது அரை மணி நேரம், மாலையில் முந்தைய ஆண்டு வினாத்தாளிலிருந்து பத்து சுருக்குதல் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 54 வினாடி. போன் டைமரை ஆன் செய்துவிட்டு உட்காருங்கள்.