பாரவண்டியின் வேகம்: குதிரைத்திறன் மட்டும் போதுமா?

டிராக்டர் வாங்க எண்ணும் உழவர், விற்பனையாளரிடம் முதலில் கேட்பது "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 35 வைத்திருந்தால், நாம் 45 வாங்கினால் கரும்புப் பாரத்துடன் மேட்டில் விரைந்து ஏறலாம் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பு, பாரவண்டி வேகம் பிடிப்பதை எவையெவை முடிவு செய்கின்றன என்று அறிந்து கொள்வது நல்லது.

2014ஆம் ஆண்டு வரை உற்பத்தியான மாருதி 800 காரை நீங்கள் அறிவீர்கள். அதன் எஞ்சின் கொள்ளளவு 796 சி.சி. திறன் சுமார் 37 குதிரைத்திறன். மூன்று சிலிண்டர் கொண்ட 35 குதிரைத்திறன் டிராக்டரின் எஞ்சினோ 2,300 சி.சி.யையும் தாண்டுவதுண்டு. ஏறத்தாழ ஒரே திறனுக்கு இவ்வளவு பெரிய எஞ்சின் எதற்கு? கார் எஞ்சின் அந்தத் திறனைக் கொடுக்க நிமிடத்திற்கு சுமார் 5,000 முறை சுழல வேண்டும். டிராக்டர் எஞ்சின் 2,000 சுற்றிலேயே கொடுத்து விடுகிறது. திறன் என்பது முறுக்கு விசையும் சுழற்சி வேகமும் சேர்ந்தது. சுழற்சி குறைந்தால் முறுக்கு கூடியாக வேண்டும். அதற்குப் பெரிய சிலிண்டர் தேவை. மெதுவாகச் சுழல்வதால்தான் நாள் முழுவதும் உழுதாலும் அது தாங்குகிறது. கார் எஞ்சினிடம் இந்த வேலையைக் கேட்பது ரேக்ளாக் காளையைக் கவலை இறைக்கப் பூட்டுவது போலாகும்.

கார் விரைந்து வேகம் பிடிப்பதற்குக் காரணம் அதன் எடை. வெறும் கார் சுமார் 650 கிலோதான். டிராக்டர் 2 டன், டிரெய்லரும் பாரமும் 5 டன் என்றால் அதே அளவு திறன் 7 டன்னை நகர்த்த வேண்டியிருக்கிறது.

இதைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன். 35 குதிரைத்திறனில் கியர்களிலும் டயர்களிலும் ஏற்படும் இழப்புப் போக, முக்கால் பங்கு வேலைக்குக் கிடைப்பதாகக் கொள்வோம். தார் ரோட்டில் சக்கரம் உருள டன்னுக்கு சுமார் 25 கிலோ இழுவை வேண்டும். 7 டன்னுக்கு 175 கிலோ. சமதளத்தில் இதற்கு மேலும் திறன் மிஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் வேகம் பிடிக்க உதவுகிறது. இருபது அடிக்கு ஓரடி ஏறும் மேட்டில் இன்னொரு 350 கிலோ சேர்ந்து கொள்ளும். அப்போது மணிக்கு சுமார் 14 கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியால் ஏற முடியாது. 45 குதிரைத்திறன் வண்டியானால் சுமார் 17 கிலோமீட்டரில் ஏறும். பழைய வண்டியிலேயே ஒரு டன் பாரத்தைக் குறைத்தால் 16 கிலோமீட்டர்! பத்துக் குதிரைத்திறனுக்குக் கூடுதலாகக் கடன் பட்டுக் கிடைப்பதில் பெரும்பகுதியை, இருக்கிற வண்டியில் அளவோடு ஏற்றியே பெற்று விடலாம். ஆழ உழவும் ரோட்டவேட்டரும் நிறைய இருந்தால் அது வேறு கணக்கு.

மழை பெய்து இளகிய வண்டிப்பாதையில் டன்னுக்கு 100 கிலோ வரையும் இழுவை தேவைப்படலாம். சமதளமானாலும் அங்கே மேடு ஏறுவதை விட மெதுவாகத்தான் போக முடியும்.

கியர் திறனைக் கூட்டுவதில்லை. வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு நூறு மடங்குக்கும் மேல் பெருகிச் சக்கரத்தை அடைகிறது. எனவே பாரத்துடன் கிளம்பும்போது தாழ்ந்த கியரில் கிளம்புங்கள். மேட்டைக் கண்டதும் எஞ்சின் திணறும் முன்பே கியரைக் குறைத்து விடுங்கள். பெரிய கியரில் கிளட்சைப் பாதி மிதித்தபடி ஏறுவது கிளட்ச் தகட்டை எரிப்பதாகும்.

இத்தனையும் தரையில் டயர் பற்றினால்தான் பயன்படும். சேற்றில் சக்கரம் வழுக்கும்போது 35 என்ன, 60 குதிரைத்திறன் இருந்தும் டீசல்தான் வீணாகும். உழவின்போது பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும் இரும்பு எடை மாட்டுவதும் இதற்காகவே. அதே எடை ரோட்டில் வேகத்தைத் தடுக்கும் என்பதால் ஓட்டத்திற்குப் போகும்போது கழற்றி விடலாம். டிரெய்லர் சேற்றில் மாட்டிக் கொண்டால் சங்கிலியை டாப் லிங்க் இடத்திலோ அச்சுக்கு மேலோ கட்டி இழுக்கவே கூடாது. முன் சக்கரம் தூக்கி, ஓரிரு நொடிகளில் வண்டி ஓட்டுநர் மேலேயே பின்னோக்கிக் கவிழ்ந்து விடும். தாழ்வாக உள்ள டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும்.

பழைய வண்டி முன்பு போல் வேகம் பிடிக்கவில்லையா? எஞ்சினைப் பிரிக்கும் முன் காற்று வடிகட்டியைப் பாருங்கள். புழுதிக் காலத்தில் அது அடைத்துக் கொண்டால் டீசல் சரியாக எரியாமல் கரும்புகை வரும்.

பாரத்துடன் பிடித்த வேகத்தைப் பிரேக்தான் அடக்க வேண்டும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளவும் செய்யும். ரோட்டுக்கு வரும்முன் வலது, இடது பிரேக் மிதிகளைக் கொக்கியிட்டு இணைத்து விடுங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல், அந்த மேட்டை எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.