காது அடைப்பும் கோப்பில் எழுதும் குறியீடும்

எட்டு வயதுப் பையன். மக்தபில் ஸீனையும் ஸாதையும் ஒரே மாதிரி ஓதுகிறான். உஸ்தாத் திருத்திச் சொன்னால் "என்ன?" என்று திரும்பக் கேட்கிறான். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறான். முதுகுப் பக்கம் நின்று உம்மா கூப்பிட்டால் திரும்புவதில்லை. கவனமில்லாத பிள்ளை என்று இரண்டு வருடம் திட்டு வாங்கினான். பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழு பார்த்த பிறகுதான், இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் பசை போல நீர் கட்டியிருந்தது தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, பணம் தர மறுத்த காப்பீட்டுக் கடிதத்துடன் அவனுடைய வாப்பா நமது மருத்துவ உதவி மேசைக்கு வந்தார். இந்த மாதப் பாடத்துக்குக் காரணம் அந்தக் கோப்புதான்.

நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறத் தொண்டைக்கு ஒரு சிறு குழல் போகிறது. 16ஆம் நூற்றாண்டில் அதை விவரித்து எழுதிய இத்தாலிய உடற்கூறு அறிஞர் யூஸ்டேகியோவின் பெயரால் அது யூஸ்டேஷியன் குழல் எனப்படுகிறது. பெரியவர்களுக்கு இதன் நீளம் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர். சாதாரணமாக மூடியே இருக்கும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்து ஒரு நொடி திறக்கும். அந்த ஒரு நொடியில் உள்ளே காற்று போய், செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகிறது. கைக்குழந்தைக்கு இந்தக் குழல் பெரியவர்களுக்கு இருப்பதில் பாதி நீளம்தான். சாய்வும் குறைவு, ஏறக்குறைய படுக்கையாகவே கிடக்கும். அதனால்தான் ஒவ்வொரு சளிக்கும் பிள்ளைகளின் காது பாதிக்கப்படுகிறது. குழந்தையைப் படுக்கவைத்துப் பாட்டிலில் பால் கொடுப்பதும், வீட்டுக்குள் பீடி சிகரெட் புகைப்பதும் இதை மோசமாக்கும்.

குழல் திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் காற்று உறிஞ்சப்பட்டு, செவிப்பறை உள்நோக்கி இழுபடும். பிறகு நீர் சுரக்கும். நாளானால் அது கெட்டிப் பசையாகும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, காதில் சீழும் வராது. ஆனால் 20 முதல் 30 டெசிபல் வரை கேட்கும் திறன் குறையும். காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு பாடம் கேட்பது போல. மெல்லிய ஒலிகள்தான் முதலில் நழுவும். மக்தபில் எழுத்து குழம்பியதும் அதனால்தான்.

டாக்டர் காதுக்குள் பார்ப்பார். அத்துடன் டிம்பனோமெட்ரி என்ற சோதனை உண்டு. காதில் சிறு அடைப்பானை வைத்து அழுத்தத்தை மாற்றி மாற்றி, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று வரைபடம் எடுப்பார்கள். வலிக்காது. சில நிமிட வேலை. "ஏ" வகை வந்தால் இயல்பு. "சி" வகை என்றால் உள்ளே அழுத்தம் குறைவு, குழல் சரியாகத் திறக்கவில்லை என்று பொருள். கோடு மேடில்லாமல் தட்டையாக வந்தால் அது "பி" வகை, பெரும்பாலும் உள்ளே நீர் இருக்கிறது. இந்த ஒரு தாளைத் தொலைத்துவிடாதீர்கள். காப்பீட்டுக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது.

நீர் கட்டியிருந்தால் உடனே கத்தி எடுப்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும் என்பதால் 3 மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள். இந்தப் பசைநீருக்கு ஆன்டிபயாடிக் பயன் தராது என்பதைப் பல பெற்றோர் நம்ப மறுக்கிறார்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஊற்றும் சொட்டு மருந்தும், காய்ச்சிய எண்ணெயும் செவிப்பறைக்கு வெளியேதான் நிற்கும். 3 மாதத்துக்கு மேலும் நீர் வடியாமல், கேட்கும் திறனும் குறைந்திருந்தால், செவிப்பறையில் குரோமெட் என்ற சிறு குழாய் பொருத்துவார்கள். மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருந்தால் அதையும் அகற்றுவார்கள். இந்தப் பையனுக்கு இரண்டும் நடந்தன.

இனி குறியீடு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எழுத்தும் எண்களும் உண்டு. காது நோய்கள் எச்60 முதல் எச்95 வரை. யூஸ்டேஷியன் குழலின் அழற்சி எச்68.0, அடைப்பு எச்68.1. குழல் மூடாமல் திறந்தே கிடப்பது எச்69.0. அது ஒரு விநோதமான தொல்லை. தன் குரலும் மூச்சும் தன் காதிலேயே முழங்கும். ஸஜ்தாவில் தலை தாழ்ந்தால் சற்று நேரம் சரியாகிவிடும். திடீரென உடல் மெலிந்தவர்களுக்கு வரலாம். குழலின் குறிப்பிட்ட பிற கோளாறுகள் எச்69.8. இன்னதென்று குறிப்பிடாவிட்டால் எச்69.9. நடுச்செவியில் பசைநீர் நாள்பட்டுக் கட்டுவதற்குத் தனி எண், எச்65.3. சில மருத்துவமனைகளின் கணினி அமெரிக்கப் பதிப்பைப் பின்பற்றி இன்னோர் இலக்கம் சேர்க்கும். அதன்படி எச்65.31 வலது காது, எச்65.32 இடது, எச்65.33 இரண்டும்.

அந்த வாப்பாவின் கோப்பில் என்ன நடந்தது? மருத்துவமனை நிரப்பும் "பி" பகுதிப் படிவத்தில் முதன்மை நோய் என்ற இடத்தில் எச்92.0 என்று இருந்தது. அதன் பொருள் காதுவலி, அவ்வளவுதான். காதுவலி ஓர் அறிகுறி, நோயின் பெயர் அல்ல. காதுவலிக்கு ஏன் மயக்கம் கொடுத்து அறுவை செய்தீர்கள் என்று காப்பீட்டுக்காரர் கேட்டதில் தவறு சொல்ல முடியாது. பையனுக்கோ வலியே இருந்ததில்லை! அவசரத்தில் யாரோ தட்டியது. அவரை மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பினோம். டாக்டர் தம் குறிப்பைப் பார்த்து, முதன்மை நோய் எச்65.3, கூடுதலாக அடினாய்டு வளர்ச்சி ஜே35.2, இரு காதிலும் ஒலி கடத்தும் வகைக் கேட்கும் குறைபாடு எச்90.0 என்று திருத்திக் கையெழுத்திட்டார். டிம்பனோமெட்ரி தாளையும் இணைத்து மறுபடி அனுப்பினோம். பணம் வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இதைக் கேட்டுவிட்டு, "எந்த நம்பர் போட்டால் பணம் வரும்?" என்று இன்னொருவர் வந்தார். அதற்கு நாம் உதவ முடியாது. டாக்டர் கண்டதுதான் எண்ணாக வேண்டும், வேண்டிய எண்ணுக்கு நோயைத் தேடுவது பொய்ச் சாட்சி. தவிரவும், அந்தத் தவறான எண் பிள்ளையின் மருத்துவ வரலாற்றில் தங்கிவிடும். நாளை வேறு டாக்டர் அதை நம்பி மருந்து எழுதுவார்.

பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு பக்கக் காதில் மட்டும் நீர் கட்டி வாரக்கணக்கில் நீடித்தால், சளி என்று விடாதீர்கள். மூக்கின் பின்புறத்தில் புற்றுநோய்க் கட்டி இருந்து குழலை அடைத்தாலும் இப்படித்தான் தொடங்கும். எண்டோஸ்கோப்பால் மூக்கின் பின்புறத்தைப் பார்க்கும்படி காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கேளுங்கள். உம்ராவுக்குப் போகிறவர்கள், கடும் சளி இருந்தால் புறப்படும் முன் டாக்டரைப் பாருங்கள். விமானம் இறங்கும் நேரம் தூங்காமல், மிட்டாய் சப்பி விழுங்கிக்கொண்டிருங்கள். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுங்கள்.

குரோமெட் வைத்த பிள்ளை வுளூவில் ஈர விரலால் காதை மஸஹ் செய்வதால் கெடுதல் இல்லை. குளிக்கும்போது சோப்பு நீர் உள்ளே போகாமல் வாஸலின் தடவிய பஞ்சை வைத்தால் போதும். குளத்தில் மூழ்கிக் குதிப்பது கூடாது. குழாய் பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தானாக விழுந்துவிடும். விழுந்த பிறகு கேட்கும் சோதனையை இன்னொரு முறை எடுக்க வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கோப்புடன் உதவி மேசைக்கு வருபவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி, டிம்பனோமெட்ரி, கேட்கும் சோதனைத் தாள்கள், மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவாருங்கள். அசல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.