எலும்பும் மண்ணும் உரைப்பன

தண்டலம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலத்தில் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில், 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, பண்டை மக்கள் கையாண்ட கற்கருவிகள் வெளிப்பட்டன. கருவியைக் கண்ணால் காணலாம். ஆயின், பண்டையோர் உண்டது யாது? எந்நிலத்தில் பிறந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை காண வேதியியலின் துணை வேண்டும்.

நாம் உண்ணும் உணவே எலும்பாகிறது. கரியத்தில், எடை சற்று மிகுந்த கரியம்-13 என்னும் வகை ஒன்று உண்டு. நெற்பயிர் அதனைக் குறைவாகவே ஏற்கும்; கம்பு, கேழ்வரகு, சோளம் ஆகியவை மிகுதியாக ஏற்கும். ஆதலின், பழைய எலும்பிலுள்ள அதன் அளவைக் கொண்டு, ஒருவர் அரிசி உண்டு வாழ்ந்தவரா, புன்செய்த் தானியம் உண்டு வாழ்ந்தவரா எனப் பெரும்பாலும் உய்த்துணரலாம். நெல்லும் கம்பும் அருகருகே விளையும் தமிழகத்திற்கு இதனினும் ஏற்ற சோதனை வேறில்லை எனலாம்.

பல்லின் கதை வேறு. பாறையிலுள்ள ஸ்டிரான்சியம் என்னும் தனிமம் நீர் வழியாகவும் பயிர் வழியாகவும் உடலிற் சேர்கிறது. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் இளமையிலேயே உருவாகிப் பின்னர் மாறாது நிற்பதால், பிறந்து வளர்ந்த நிலத்தின் அடையாளம் அதிற் பதிந்திருக்கும். அது புதைத்த இடத்து அடையாளத்தோடு பொருந்தாவிடின், அவர் வேற்று நிலத்திலிருந்து வந்தவர் என்று கருதலாம். நம் நாட்டின் வெப்பமும் மழையும் எலும்பிலுள்ள புரதத்தை விரைந்து அழிப்பனவாதலின், இங்குப் பல்லே நம்பத்தக்க சான்று.

மண்ணும் சான்று கூறும். மக்கள் வாழ்ந்த இடத்தில் சாம்பல், எலும்பு, சாணம் முதலியவை சேர்ந்து பாஸ்பரஸ் மிகும். அஃது எளிதில் கரைந்து நீங்காது. சுவீடன் நாட்டு ஓலாஃப் அர்ரேனியஸ், பயிர் நிலங்களைச் சோதித்தபோது, பழங்குடியிருப்புகள் இருந்த இடங்களில் இம்மிகுதியைக் கண்டார். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில், தாழியினுள் மண்ணோடு கலந்து கிடைத்த நெல் உமி கி.மு. 1155ஆம் ஆண்டினது எனக் கரியம்-14 சோதனையால் அறியப்பட்டது. அம்மண்ணைக் குப்பையென்று கொட்டியிருந்தால் இச்செய்தி நமக்கு எட்டியிராது!

இவற்றுக்கெல்லாம் ஒப்பிட்டு நோக்க வேறு மண்ணும் வேண்டும். புதைந்த எலும்பு சுற்றியுள்ள மண்ணிலிருந்தும் தனிமங்களை உறிஞ்சுமாதலின், ஆய்வாளர் தாழியின் உட்புறத்து மண், வெளிப்புறத்து மண், மனிதர் வாழாத அண்டை நிலத்து மண் ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுத்துச் செல்வர். வேற்றூர் மண்ணை வாரிக் கொட்டி மேடாக்கிய நிலத்தில், அந்த மூன்றாவது மண் கிடைப்பதரிது.