ஏரியா 51: பறக்கும் தட்டும் பறந்த விமானமும்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸுக்கு வடக்கே சுமார் 130 கி.மீ. தொலைவில் குரூம் லேக் என்ற வறண்ட உப்பு ஏரி இருக்கிறது. அதன் கரையிலுள்ள விமானப்படைத் தளம்தான் ஏரியா 51. இதைப் பற்றி உலவும் கதைகளில் எதற்கு ஆதாரம் உண்டு, எதற்கு இல்லை?

நம்பிக்கை: 1947இல் ரோஸ்வெல்லில் விழுந்த பறக்கும் தட்டும் வேற்றுகிரகவாசிகளின் உடல்களும் இங்கேதான் உள்ளன.

உண்மை: ரோஸ்வெல் இருப்பது நியூ மெக்ஸிகோவில். அங்கே சிதறிக் கிடந்தது ‘மோகல்’ என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் என்று 1994இல் விமானப்படை விளக்கியது. சோவியத் அணுகுண்டுச் சோதனைகளின் ஒலியலைகளை உயரத்திலிருந்து பிடிப்பதற்கான பலூன் அது. குரூம் லேக்கில் தளம் உருவானதோ எட்டு ஆண்டுகள் கழித்து, 1955இல். யு-2 உளவு விமானத்தைப் பிறர் கண்ணில் படாமல் ஓட்டிப் பார்க்க சிஐஏவும் லாக்ஹீட் நிறுவனமும் தேர்ந்தெடுத்த இடம் இது. ஏரிப்படுகை இயற்கையாகவே ஓடுபாதைபோல் தட்டையாக இருந்தது. பக்கத்திலேயே அணுகுண்டுச் சோதனைத் திடல் இருந்ததால் வெளியார் நெருங்கவும் வழியில்லை.

நம்பிக்கை: விமானிகளே வானில் விசித்திர ஒளிகளைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாருமா பொய் சொல்வார்கள்?

உண்மை: பொய் சொல்லவில்லை, பார்த்தார்கள். 1950களின் நடுவில் பயணிகள் விமானங்கள் பறந்தது 10,000 முதல் 20,000 அடி உயரத்தில். யு-2 பறந்தது 60,000 அடிக்கும் மேலே. அவ்வளவு உயரத்தில் ஒரு விமானம் பறக்கும் என்று அன்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. மாலையில் கீழே இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். யு-2வின் வெள்ளி நிற இறக்கையில் அது பட்டுத் தெறிக்கும்போது, கீழே பறக்கும் விமானியின் கண்ணுக்கு நெருப்புத் துண்டு ஒன்று மிதப்பதுபோல் தெரியும். 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் பெரும்பகுதியிலும் வந்த பறக்கும் தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் யு-2வும் அதற்குப் பின் வந்த ஏ-12ம்தான் காரணம் என்கிறது சிஐஏவின் சொந்த வரலாற்று நூல். இந்தக் கணக்கை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. ஆனால், காரணம் தெரிந்தும் புகார் கொடுத்தவர்களிடம் அதிகாரிகள் அதைச் சொல்ல முடியாத நிலையில் இருந்தார்கள் என்று அதே நூல் ஒப்புக்கொள்கிறது. வதந்திக்கு உரமிட்டது அந்த மௌனம்தான்.

நம்பிக்கை: அங்கே வேலை பார்த்த விஞ்ஞானியே உள்ளே நடப்பதைப் போட்டு உடைத்துவிட்டார்.

உண்மை: 1989இல் லாஸ் வேகாஸ் தொலைக்காட்சி ஒன்றில் பாப் லாசர் என்பவர் பேசினார். ஏரியா 51க்கு அருகில் வேற்றுகிரக ஊர்திகளைப் பிரித்து ஆராய்ந்ததாகவும், அவை 115ஆம் தனிமத்தால் இயங்குவதாகவும் சொன்னார். இந்தத் தளத்துக்கும் வேற்றுகிரகவாசிகளுக்கும் ஊரறிய முடிச்சு விழுந்தது அந்தப் பேட்டிக்குப் பிறகுதான். எம்ஐடியிலும் கால்டெக்கிலும் படித்ததாக அவர் சொன்னதற்கு அந்த நிறுவனங்களில் பதிவு இல்லை. 115ஆம் தனிமம் 2003இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டு, 2016இல் மாஸ்கோவியம் என்று பெயர் பெற்றது. ஒரு விநாடிகூடத் தாங்காமல் சிதைந்துவிடும் அந்த அணுக்களை எரிபொருளாக எந்தத் தொட்டியில் நிரப்புவது?

நம்பிக்கை: 2013 வரை அப்படியோர் இடமே இல்லை என்று அமெரிக்க அரசு சாதித்தது.

உண்மை: பாதி சரி. ஆய்வாளர் ஜெஃப்ரி ரிச்செல்சன் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டதால், ஏரியா 51 என்ற பெயரை மறைக்காமல் சிஐஏ ஆவணத்தை வெளியிட்டது 2013இல்தான். ஆனால் அரசின் வாயை முதலில் திறக்க வைத்தவர்கள் தளத்தின் தொழிலாளர்கள். ரசாயனக் கழிவுகளைத் திறந்த குழிகளில் கொட்டி எரித்தார்கள், அந்தப் புகையால் நோயுற்றோம் என்று 1994இல் அவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்காடியவர்களில் இறந்த தொழிலாளர்களின் மனைவியரும் உண்டு. தாங்கள் சுவாசித்தது என்ன என்று தெரிந்தால் மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கோரிக்கை. ராணுவ ரகசியம் என்றது அரசு. 1995இல் அதிபர் கிளின்டன், கழிவு விவரங்களை வெளியிடும் கடமையிலிருந்து ‘குரூம் லேக் அருகிலுள்ள’ விமானப்படைத் தளத்துக்கு விலக்களித்து உத்தரவிட்டார். விலக்கு தருவதற்காகவே இடத்தைக் குறிப்பிட வேண்டி வந்தது. 1998இல் மேல்முறையீட்டிலும் தொழிலாளர்கள் தோற்றார்கள்.

2019இல் ‘ஏரியா 51க்குள் புகுவோம், வேற்றுகிரகவாசிகளைப் பார்ப்போம்’ என்று ஃபேஸ்புக்கில் கிளம்பிய வேடிக்கை அழைப்புக்கு 20 லட்சம் பேருக்கு மேல் ‘வருகிறேன்’ என்றார்கள். நேரில் போனவர்கள் சில ஆயிரம் பேர். அந்தக் குழிகளில் எரிந்தது என்ன என்று கேட்க அப்படியொரு கூட்டம் கூடியதில்லை. ஏரியா 51 என்றதும் சிரிப்பு வரும்வரை, அந்தத் தளத்தை யாரும் கறாராகக் கேள்வி கேட்கப் போவதில்லை. பறக்கும் தட்டுக் கதைகளால் லாபம் அடைவது யார் என்று பார்த்தால், அது ரகசியம் காப்பவர்கள்தான்.