பெருங்குடல் பரிசோதனை யாருக்கு?

கேள்வி: வயது 52, தொந்தரவு எதுவும் இல்லை. கொலோனோஸ்கோபி செய்துகொள்ளத்தான் வேண்டுமா? (வாசகர், சித்தூர்)

பதில்: பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியில் தொடங்குகிறது. அது புற்றாக மாறச் சுமார் 10 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கொலோனோஸ்கோபியில், அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கையில், அதைக் கண்டு முழுமையாக அகற்றினால் அந்த இடத்தில் நோய்க்குப் பெரும்பாலும் வழியில்லை.

பலனின் அளவு வேறு கதை. போலந்து, நார்வே, ஸ்வீடனில் சுமார் 85,000 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டோரில் 10 ஆண்டுகளில் 0.98 சதவீதத்தினருக்கும், அழைக்கப்படாதோரில் 1.20 சதவீதத்தினருக்கும் இந்நோய் வந்தது. அழைத்தவர்களில் 42 சதவீதத்தினரே வந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தியாவில் இந்நோய் மேலைநாடுகளைவிட மிகக் குறைவு. பலனும் அதற்கேற்ப மெலியும். அரசின் 2016 வழிகாட்டுதல் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கு மட்டுமே பரிசோதனை சொல்கிறது.

செலவு மருத்துவமனை ரசீதோடு முடிவதில்லை. முந்தின நாள் வெறும் கஞ்சித்தண்ணீர், லிட்டர் கணக்கில் பேதிக் கரைசல், இரவெல்லாம் கழிப்பறை. மறுநாள் திருப்பதி ஸ்விம்ஸுக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ துணைக்கு ஓர் ஆள், இருவருக்கும் ஒருநாள் வருமானம் போச்சு. அரிதாக ரத்தக்கசிவோ குடலில் துளையோ ஏற்படலாம்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் 40 வயதிலேயே பரிசோதனை தேவை. மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்களுக்கு மலத்தில் மறைந்த ரத்தத்தைக் காணும் எளிய சோதனை முதல் படி. அதில் ரத்தம் தெரிந்தால்தான் கொலோனோஸ்கோபி.