பலாங்கொடை மனிதன் வேறு இனமா?

விடுமுறையில் கண்டியிலிருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்குச் சென்று, ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த பெலிலென குகையைப் பார்த்தோம். "இங்க இருந்தவங்க நம்மளப் போல மனிசரா, வாப்பா? வேற சாதியா?" என்று தங்கை கேட்டாள். வாப்பா என்னைப் பார்த்தார். உயிரியல் படிப்பவள் நான்தானே! பதில் தெரியவில்லை. வீடு வந்துதான் தேடிப் படித்தேன்.

எங்கள் பாடநூலில் ஹோமோ என்பது சாதி. சேப்பியன்ஸ் என்பது இனம். தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல, தடித்த மண்டையோட்டையும் புடைத்த புருவ மேட்டையும் கண்டு, இம்மக்களுக்கு ஹோமோ சேப்பியன்ஸ் பலாங்கொடென்சிஸ் என்று பெயரிட்டார். மூன்றாம் சொல் உப இனத்தைக் குறிக்கும். ஆக, அவரும் வேறு இனம் என்று சொல்லவில்லை. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அந்த மூன்றாம் சொல்லையும் விட்டுவிடுகின்றனர். ஒரே இனத்துக்குள்ளும் எலும்புகள் இவ்வளவு வேறுபடலாம் என்பது அவர்கள் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

எல்லா உயிர்ச்சுவடுகளிலும் வழக்கு இவ்வளவு எளிதில் தீர்வதில்லை. 1982இல் இந்தியாவின் நர்மதைக் கரையில், ஹத்னோராவில் கிடைத்த மண்டையோட்டை அருண் சொனாக்கியா ஹோமோ இரெக்டஸ் என்றார். பலாங்கொடை எலும்புகளையும் ஆராய்ந்த கென்னத் கென்னடியோ, அதைப் பழைய வகை ஹோமோ சேப்பியன்ஸ் என்றார். மண்டையோடு ஒன்றே, இன்னும் வாதம் ஓயவில்லை.

"நம்ம இனந்தான்" என்று தங்கையிடம் சொன்னேன். "அப்ப என்ன சாப்பிட்டாங்க?" என்றாள். குகை மண்ணில் நத்தை ஓடுகள் கிடைத்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.