பல்கலைக்கழக அனுமதியும் பெற்றோரின் பொறுப்பும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில், கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலய முற்றத்திலும் வெள்ளவத்தைப் புனித லோரன்சியார் ஆலய வாசலிலும் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரே கேள்விதான் காதில் விழும். "பிள்ளைக்கு மூன்று 'ஏ', சுவாமி. அப்படியிருந்தும் மெடிசின் கிடையாதாம். இது என்ன நியாயம்?"

நற்செய்தியிலும் இப்படி ஒரு தாய் வருகிறாள். செபதேயுவின் மனைவி தன் மக்கள் யாகப்பரையும் அருளப்பரையும் அழைத்து வந்து, ஆண்டவரின் அரசில் ஒருவனுக்கு வலப்பக்கமும் மற்றவனுக்கு இடப்பக்கமும் ஆசனம் கேட்டாள் (மத். 20). ஆண்டவர் அவளைக் கடிந்து விரட்டவில்லை. ஆனால் கேட்பது இன்னதென்று அவர்களுக்கே விளங்கவில்லை என்று உணர்த்தினார். நாமும் பிள்ளைக்கு ஆசனம் கேட்குமுன், கேட்பது எது, அது எவ்வாறு பங்கிடப்படுகிறது, அதை எந்த வழியில் பெறலாம், எந்த வழியில் பெறலாகாது என்பவற்றை அறிந்துகொள்வோம்.

1. பழைய காயம்

இவ்விடயத்தில் தமிழ்க் குடும்பங்களின் மனம் இலகுவில் புண்படுவதற்குக் காரணம் உண்டு. 1971ஆம் ஆண்டு அனுமதியில், மருத்துவத்துக்குத் தமிழில் தோற்றியவர்கள் 400க்கு 250 புள்ளிகள் பெறவேண்டியிருந்தது. சிங்களத்தில் தோற்றியவர்களுக்கு 229 போதுமாயிருந்தது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு சேர்ந்தது. மொழிவாரி முறை 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தின்பின் கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கீடோ உருமாறி இன்றும் நிலைத்திருக்கிறது.

இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது. மொழிவாரி முறை பிள்ளையின் தாய்மொழியைப் பார்த்து வேறுபாடு செய்தது. மாவட்டப் பங்கீடு, பிள்ளை கற்ற இடத்தின் வசதியைப் பார்ப்பதாகச் சொல்கிறது. அதனால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன என்பது மெய். மன்னார், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்தது என்பதும் மெய்யே.

2. இசட் புள்ளி என்பது என்ன?

2001ஆம் ஆண்டு முதல் அனுமதிக்கு அடிப்படையாக இருப்பது இசட் புள்ளி. ஒரு பாடம் இலகுவாகவும் மற்றொன்று கடினமாகவும் அமையலாம். ஆகவே வெறும் புள்ளிகளைக் கூட்டுவது நீதியாகாது. மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுக்கிறார்கள். புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவே நியம விலகல்.

ஓர் உதாரணம். ஒரு மாணவி இரசாயனவியலில் 70 பெறுகிறாள். சராசரி 50, நியம விலகல் 10. எனவே இசட் 2. உயிரியலிலும் 70, ஆனால் அங்கே சராசரி 60, விலகல் 10, எனவே இசட் 1. பௌதிகவியலில் 65; சராசரி 45, விலகல் 16; எனவே இசட் 1.25. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.4167. இதுவே அவளுடைய இறுதி இசட் புள்ளி. இரண்டு பாடங்களில் ஒரே 70 பெற்றும், ஒன்று மற்றதைவிட இருமடங்கு பெறுமதி பெற்றதைக் கவனியுங்கள். மூன்று 'ஏ' பெற்றவர்கள் எல்லாரும் சமமானவர்கள் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

3. இடங்கள் பங்கிடப்படும் விதம்

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே தெரிவை நடத்துகிறது. மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பகிரப்படுகிறது. எஞ்சிய 5 சதவீதம், கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக அளிக்கப்படுகிறது. நுவரெலியா, மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு முதலியன அவற்றுள் அடங்கும், கொழும்பு அடங்காது.

பெரும் பாடசாலைகளும், காலி வீதி நெடுகிலும் ரியூட்டரிகளும் உள்ள கொழும்பில் போட்டி கடுமையாக இருப்பதால் வெட்டுப்புள்ளியும் உயர்கிறது. ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் தகுதி பெற, இடம் பெறுவோர் ஏறத்தாழ நாலில் ஒருவரே. இடம் கிடையாத பிள்ளை "பெயிலான" பிள்ளை அல்ல என்பதைப் பெற்றோர் முதலில் தம் மனத்திலும், பிறகு வீட்டிலும் சொல்லவேண்டும்.

4. தெரிவு வரிசையை எழுதும்போது

விண்ணப்பத்தில் ஒரு கற்கைநெறியும், அது நடைபெறும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு தனிக் குறியீடாகும். கொழும்பில் மருத்துவம் ஒன்று. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் வேறொன்று. பிள்ளையின் இசட் புள்ளிக்கு எட்டக்கூடிய தெரிவுகளுள், வரிசையில் எது மேலே உள்ளதோ அதுவே வழங்கப்படுகிறது.

இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. "மேலே பெரிய கோர்ஸ் போட்டால் எல்லாம் போய்விடும்" என்று பயந்து, நிச்சயமாகக் கிடைக்கும் ஒன்றை முதலில் எழுதுகிறார்கள். அதுவே கிடைக்கிறது, விரும்பியது கைநழுவுகிறது. எட்டாத தெரிவொன்றை மேலே எழுதியதால் கீழேயுள்ள தெரிவு கெடுவதில்லை. ஆகவே உண்மையாக விரும்பும் ஒழுங்கிலேயே எழுதுங்கள். அதுபோல, கிடைத்தாலும் போகமாட்டோம் என்பதை எழுதவே வேண்டாம். ஓரிடத்தில் பதிவு செய்தவர் பின்னர் புதிதாக விண்ணப்பிக்க விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை.

கைந்நூலை முழுவதும் வாசியுங்கள். கட்டடக்கலை, மொழிபெயர்ப்பியல் போன்றவற்றுக்குத் தனியான உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கான அறிவித்தலைத் தவறவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்திருந்தும் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பேனையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். வரிசை தகப்பனின் கௌரவத்துக்காகவோ, பக்கத்து வீட்டு வாய்க்காகவோ எழுதப்படலாகாது.

5. நாபோத்தின் திராட்சைத் தோட்டம்

இனிச் சற்றுக் கசப்பானதொன்றைச் சொல்லியாக வேண்டும். மாவட்டத்தைத் தீர்மானிக்கையில், பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் கற்றது என்பதே முக்கியமாக நோக்கப்படுகிறது. இதை அறிந்து, கொழும்பிலே வாழ்ந்து கொழும்பிலே ரியூசன் படிக்கும் பிள்ளையை மலையகத்திலோ வன்னியிலோ ஒரு பாடசாலை இடாப்பில் சேர்த்து வைப்போர் உண்டு. பெயர் அங்கே, பிள்ளை இங்கே. வரவும் வதிவிடமும் கடிதங்களால் நிரப்பப்படுகின்றன.

வேலையாலோ போராலோ உண்மையில் இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. அவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதிச் சான்று காட்டினால் போதும். பொய்ச் சான்றைப் பற்றியே பேசுகிறோம்.

"எழுபதுகளில் எங்களுக்குச் செய்தது நீதியா? நாங்கள் மட்டும் நேர்மை பார்க்கவேண்டுமா?" என்று கேட்பார்கள். அந்த அநீதியை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதைச் செய்தவர்கள் இதனால் எதையும் இழப்பதில்லை. நுவரெலியா மாவட்டத்துக்கென உள்ள சில இடங்களில் ஒன்றைக் கொழும்புப் பிள்ளை எடுத்தால், அதை இழப்பது யார்? விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில், லயன் அறையில் இருந்து படித்த ஒரு கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை. அந்தத் தாயும் தமிழ் பேசுகிறவள். அவளும் நம்மோடு ஒரே நற்கருணையை உண்பவளாக இருக்கலாம்.

அரசன் ஆகாப் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பினான். அவன் மனைவி யெசபேல் அரசனின் பெயரால் கடிதங்கள் எழுதி, அவனுடைய முத்திரையைப் பதித்து, பொய்ச் சாட்சிகளை நிறுத்தி அதைப் பெற்றுக்கொடுத்தாள் (1 அரசர் 21). எல்லாம் பத்திரப்படி ஒழுங்காகவே இருந்தன. ஆயினும் எலியாஸ் இறைவாக்கினர் அந்தத் தோட்டத்துக்கே வந்து நின்றார். பொய்த் தகவல் வெளிப்பட்டால் அனுமதி இரத்தாகலாம் என்பது சட்டத்தின் எச்சரிக்கை. வெளிப்படாவிட்டாலும், பொய்யின் மேல் நின்று நோயாளிக்கு உண்மை சொல்ல வேண்டிய வைத்தியராக ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய எச்சரிக்கை. பிள்ளை வீட்டில் கற்கும் கடைசிப் பாடம் இதுவாக இருக்கக்கூடாது.

6. கேட்டது கிடையாவிட்டால்

அனுமதிக்காகப் பரீட்சைக்குத் தோற்ற மூன்று வாய்ப்புகள் உண்டு. மறுமுறை எழுதுவதா என்பதைப் பிள்ளையின் உடல்நிலை, மனநிலை, கடந்தமுறை எத்தனை தூரம் குறைந்தது என்பவற்றைக் கொண்டு தீர்மானியுங்கள். உயிரியல் பிரிவில் மருத்துவம் ஒன்றே பாதையல்ல. பேராதனையில் பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் உண்டு. தாதியியல், இயன் மருத்துவம், கதிரியக்கவியல், மருந்தாளர் கற்கை, விவசாயம் ஆகியனவும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைதடியிலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் கற்கலாம். 1980இல் அமைந்த நாவல திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்துகொண்டே பட்டம் பெற வழி தருகிறது. இடம் கிடைத்தும் பணமில்லாத குடும்பங்கள், 1981இல் தொடங்கிய மகாபொல நிதியத்தின் உதவியை நாடலாம்.

செபதேயுவின் மனைவிக்குக் கேட்ட ஆசனம் கிடைக்கவில்லை. ஆனால் அவள் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. கல்வாரியில் தூர நின்று பார்த்த பெண்களுள் அவளும் ஒருத்தி என்று மத்தேயு எழுதுகிறார். அவள் தன் மக்களுக்குக் கேட்ட வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் அன்று இரு கள்வர்கள் தொங்கினார்கள். ஆண்டவர் ஏன் அப்படி விடையளித்தார் என்பது அவளுக்கு அப்போது விளங்கியிருக்கும்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நமது பிள்ளையின் தெரிவு வரிசையை எழுதியது யார்?

2. பெறுபேறு குறைந்த அன்று பிள்ளை வீட்டுக்கு வரப் பயப்படுமா?

3. விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியையும் பீடத்தின் முன் நின்று வாசிக்க நம்மால் முடியுமா?